கல்லூரி செல்லும் பிள்ளைகளின் மனநலமும் நம் கடப்பாடும்

(ஆலயத் திருவிழாவின் ஐந்தாம் நாள் மாலை, ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழாக் காலச் சொற்பொழிவு என்றால் புராணச் செய்தியோ சமயத் தத்துவமோ பேசப்பெறுவதே வழக்கம். அவ்வாறிருக்க, தனியார் கல்லூரியொன்றில் விரிவுரையாளராகவும் மாணவர் நலப் பிரிவில் பொறுப்பாளராகவும் பணியாற்றும் என்னை அழைத்து, கல்லூரி மாணவர்களின் மனநலத்தைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் பணித்துள்ளனர். இது துணிவான முடிவு என்றே கருதுகின்றேன். ஏனெனில், இச்செய்தியை நம்மவர்கள் மண்டபத்தில் பேசுவதில்லை. சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில்தான் பேசுகின்றனர்.

எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது இங்கு அர்ச்சனைச் சீட்டு எழுதும் அன்பருக்கு ஓய்வே இருப்பதில்லை. பிள்ளையின் பெயர், நட்சத்திரம், இராசி சொல்லி வரிசையில் நிற்கும் தாய்மார்கள் எத்தனை பேர்! தேர்வு முடிந்து, முடிவு வெளிவந்து, பிள்ளைக்கு மெட்ரிகுலேஷனிலோ எஸ்.டி.பி.எம். வகுப்பிலோ தனியார் கல்லூரியிலோ இடம் கிடைத்துவிட்டால், பாதிப் பாரம் இறங்கிவிட்டதாகப் பெற்றோர் மூச்சு விடுகின்றனர். ஆனால் பிள்ளையின் மனத்தில் பாரம் ஏறத் தொடங்குவது பெரும்பாலும் அப்பொழுதுதான்.

இஃது என் சொந்தக் கற்பனையன்று. மனநோய்கள் எந்த வயதில் தொடங்குகின்றன என்பது குறித்து அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு பேராய்வொன்று வெளியிடப்பெற்றது. வாழ்நாளில் மனநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் 14 வயதிற்குள்ளும், நான்கில் மூன்று பங்கினருக்கு 24 வயதிற்குள்ளும் அந்நோய் தொடங்கிவிடுகின்றது என்று அவ்வாய்வு கூறிற்று. கல்லூரிப் பருவம் முழுவதும் இவ்வெல்லைக்குள் அடங்கிவிடுகின்றது. நம் நாட்டின் நிலையும் வேறன்று. சுகாதார அமைச்சு இடைநிலைப்பள்ளி மாணவரிடையே 2022ஆம் ஆண்டு நடத்திய தேசிய ஆய்வில், நால்வரில் ஒருவர் மனச்சோர்வின் அறிகுறிகளை உணர்ந்ததாகத் தெரிய வந்தது. பெரியவர்களிடையே 2019ஆம் ஆண்டில் நூற்றுக்கு 2.3 ஆக இருந்த மனச்சோர்வு, 2023ஆம் ஆண்டு ஆய்வில் 4.6 ஆக, அதாவது இரு மடங்காக உயர்ந்திருந்தது. அப்பள்ளி மாணவர்களே இன்று கல்லூரி வளாகங்களில் நடமாடுகின்றனர்.

புதிதாகக் கல்லூரிக்கு வரும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஊரில் இருந்தவரை அவன் தன் பள்ளியின் முதல் மாணவன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் முதல் மளிகைக் கடைக்காரர் வரை அவனை அறிவர். இங்கு வந்த முதல் மாதத்திலேயே, தன்னைப்போல் முதல் மாணவர்களாக இருந்தோர் இருநூறு பேர் ஒரே விரிவுரை அரங்கில் அமர்ந்திருப்பதைக் காண்கின்றான். தேசிய மொழியில் பயின்ற பாடம் ஆங்கிலத்தில் விரைந்து ஓடுகின்றது. விளங்கவில்லை என்று கை தூக்க நாணம். காலையில் எழுப்ப அம்மா இல்லை. உணவு பெரும்பாலும் மெகி மீ. அறை வாடகைக்காக மாலையில் ஏதேனுமொரு கடையில் பகுதி நேர வேலை, உறங்குவது விடியற்காலை. பி.டி.பி.டி.என். கல்விக் கடன் வேறு கழுத்தில் தொங்குகின்றது. வகுப்பு வருகை நூற்றுக்கு எண்பதிற்குக் குறைந்தால் தேர்வெழுத இயலாது என்னும் விதி பல கல்லூரிகளில் உண்டு. ஆகவே உறக்கம் கெட்டு, இரண்டு வாரம் வகுப்பைத் தவறவிட்ட மாணவன் மூன்றாம் வாரம் திரும்பி வர அஞ்சுகின்றான். அச்சத்தால் மேலும் தவறவிடுகின்றான். சோம்பல் என்று நாம் பெயரிடுவதில் பெரும்பகுதி இந்த அச்சமே.

நம் பிள்ளைகளுக்கு மற்றொரு சுமையும் உண்டு. தாத்தா பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். பெற்றோர் தொழிற்சாலையிலும் லாரியிலும் உழைத்தவர்கள். குடும்பத்திலேயே கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் இப்பிள்ளைதான். அது பெருமைதான். ஆயினும், ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கனவையும் தனியொருவனாகத் தோளில் சுமக்கும் பிள்ளைக்குத் தோல்வி என்பது ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்த செய்தியாகத் தோன்றுவதில்லை. குடும்பத்திற்கே இழைத்த துரோகமாகத் தோன்றுகின்றது. வீட்டை அடகு வைத்து மருத்துவப் படிப்பிற்கு அனுப்பப்பெற்ற பிள்ளைகளிடம் இதனை மிகுதியாகக் காண்கின்றேன். (மருத்துவப் பட்டம் பெற்றும் அரசாங்கப் பணியில் நிரந்தர இடத்திற்காகக் காத்திருக்கும் ஒப்பந்த மருத்துவர்களின் கதையை நாளிதழில் படித்துக்கொண்டே, நம்மவர்கள் அடுத்த பிள்ளையையும் அதே படிப்பிற்கு அனுப்புவது எனக்கு இன்றும் விளங்காத புதிர். அது வேறொரு நாள் பேச வேண்டிய செய்தி.)

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவிற்கு வந்த ஒரு மாணவனைப் பற்றிக் கூற விழைகின்றேன். அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை மாற்றியுள்ளேன். வடக்கே ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். தந்தையார் லாரி ஓட்டுநர். இரண்டாம் ஆண்டின் முதற் பருவத்தில் மூன்று மாதங்கள் அவன் வகுப்பிற்கே வரவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் தாயாரிடம் தொலைபேசியில், "நல்லா இருக்கேன்மா, படிப்பெல்லாம் நல்லா போகுது" என்று கூறி வந்தான். அவன் தானாக எங்களிடம் வரவில்லை. உடன் தங்கியிருந்த மலாய் நண்பனொருவன், அவன் சரியாக உண்ணாததையும், இரவெல்லாம் விழித்திருந்து பகலில் போர்வைக்குள் கிடப்பதையும், தன் கிதாரை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டதையும் கண்டு, ஏதோ சரியில்லை என்றுணர்ந்து கையைப் பிடித்து அழைத்து வந்தான். அரை மணி நேரம் அம்மாணவன் ஒன்றுமே பேசவில்லை. பிறகு கூறிய முதல் வாக்கியம், "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்பது.

அவன் தந்தையார் கொடியவர் அல்லர். மகனின் கட்டணத்திற்காக வாரம் ஏழு நாளும் வண்டி ஓட்டியவர். அத்தகையவரின் முகத்தை எதிர்கொள்வதைவிட இல்லாமற் போவதே மேல் என்று அவர் மகன் எண்ணத் தொடங்கியிருந்தான். அன்புள்ள வீட்டிலும் இது நிகழும் என்பதற்காகவே இதனைக் கூறுகின்றேன்.

இங்குள்ள நீங்கள் அனைவரும் அறிந்த ஒரு காட்சியை நினைவூட்ட அனுமதியுங்கள். பகவத்கீதையின் முதல் அத்தியாயத்திற்கே அர்ச்சுன விஷாத யோகம் என்று பெயர். விஷாதம் என்றால் துயரம், மனச்சோர்வு. உறுப்புகள் தளர்கின்றன, வாய் உலர்கின்றது, உடல் நடுங்குகின்றது, காண்டீபம் கையினின்று நழுவுகின்றது, மனம் சுழல்கின்றது என்று அர்ச்சுனன் தன் நிலையைத் தானே சொல்கின்றான். இன்று மருத்துவரிடம் செல்லும் மாணவனும் ஏறத்தாழ இவற்றையே கூறுகின்றான். அவ்வத்தியாயத்தில் கண்ணபிரான் எவ்வளவு பேசுகின்றார் தெரியுமா? கூடி நிற்கும் குருவம்சத்தாரைப் பார் என்ற ஒரு சொல்தான். எஞ்சிய பொழுதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கின்றார். இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில், இந்தப் பேடித்தனம் உனக்குத் தகாது, எழுந்திரு என்று சுருக்கமாகக் கடிந்துரைக்கின்றார். அக்கடிந்துரையால் அர்ச்சுனன் எழுந்தானா? இல்லை. மேலும் தன் கலக்கத்தையே கூறி, போர் புரியேன் என்று சொல்லி மௌனமாகிவிடுகின்றான். அதன் பின்னரே, முகத்தில் புன்னகையோடு, நீண்ட உபதேசம் தொடங்குகின்றது. "எழுந்திரு, கோழை மாதிரி இருக்காதே" என்னும் சொல் பரந்தாமன் வாயிலிருந்து வந்தபோதும் உடனே பலிக்கவில்லை என்றால், நம் வாயிலிருந்து வந்து பலிக்கும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

இனி, கல்லூரியில் என்ன உதவி உண்டு என்பதைக் கூறுகின்றேன். பெற்றோர் பலர் இதனை அறியாமலேயே இருக்கின்றனர்.

பல்கலைக்கழகங்களிலும் பெரும்பாலான கல்லூரிகளிலும் உளவள ஆலோசனைப் பிரிவு ஒன்று இயங்குகின்றது. மாணவரிடம் இதற்குத் தனிக் கட்டணம் பெறுவது அரிது. நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர்கள் சட்டப்படி, பதிவு பெற்று உரிமம் உடையவரே தம்மை ஆலோசகர் என்று அழைத்துக்கொண்டு தொழில் புரிய இயலும். அவரிடம் மாணவர் கூறும் செய்தி விரிவுரையாளருக்கோ, சக மாணவருக்கோ, பெற்றோருக்கோ செல்லாது. உயிருக்கு ஆபத்து என்னும் நிலை வந்தால் மட்டுமே அவ்விரகசியம் தளர்த்தப்பெறும். இங்கேதான் பெற்றோருக்குச் சினம் வருகின்றது. "கட்டணம் கட்டுவது நான், என் மகளைப் பற்றி என்னிடம் சொல்ல மாட்டீர்களா?" என்று என் மேசையைத் தட்டிக் கேட்டவர்கள் உண்டு. பதினெட்டு வயது நிரம்பியவர் நம் நாட்டுச் சட்டப்படி வயது வந்தவர். அவர் ஒப்புதலின்றி நாங்கள் பேச இயலாது. இது பெற்றோருக்கு எதிரான ஏற்பாடன்று. வெளியே போகாது என்னும் உறுதி இல்லாவிடில் பிள்ளை அந்த அறைக்குள் நுழையவே மாட்டாள். நுழையாத பிள்ளைக்கு எவராலும் உதவ இயலாது.

ஆலோசகர் போதாது, மருத்துவர் வேண்டும் என்றால், அரசாங்கக் கிளினிக்கிற்குச் சென்று மனநலத்தைப் பற்றியும் பேசலாம் என்பதைப் பலரும் அறியார். காய்ச்சலுக்குச் செல்லும் அதே கிளினிக்தான். குடிமக்களுக்கு அதே ஒரு வெள்ளிக் கட்டணம்தான். அங்கிருந்து தேவைக்கேற்ப மருத்துவமனை நிபுணரிடமோ, மெந்தாரி எனப்படும் சமூக மனநல மையத்திற்கோ அனுப்புவர். மாத்திரை கொடுத்தால், அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளே ஒன்றும் ஆகவில்லையென்று நிறுத்திவிடுவோரும், சற்றுத் தெளிவு வந்தவுடன் மருத்துவரைக் கேளாமல் நிறுத்திவிடுவோரும் நம்மிடையே மிகுதி. இவ்விரண்டும் தவறு. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்பெறும் மாத்திரை போதைப் பொருளன்று. சிலருக்கு மாத்திரையே தேவைப்படுவதில்லை. பயிற்சி பெற்ற ஒருவரோடு முறையாகப் பேசுவதே சிகிச்சையாக அமைகின்றது.

கல்விப் பருவத்தை ஒத்திவைக்கும் வழியும் உண்டு. மருத்துவச் சான்றிதழோடு உரிய காலத்தில் விண்ணப்பித்தால், ஒரு பருவம் ஓய்வெடுத்துப் பிறகு தொடரலாம். உரிய காலத்தில் என்பதை அழுத்திச் சொல்கின்றேன். தேர்வெல்லாம் தோற்று, தகுதிகாண் நிலைக்குத் தள்ளப்பெற்று, நீக்கக் கடிதம் வந்த பிறகு ஓடி வரும் பெற்றோருக்கு எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

ஆக, வழி இருக்கின்றது. பிள்ளைகள் அவ்வழியில் செல்லத் தயங்குவது ஏன்?

நம் தலைமுறையினர் எவரையேனும் கேலி பேச, "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்போம். சிங்கப்பூர் உறவினர்கள் "உட்பிரிட்ஜ்" என்பர். தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள மனநல மருத்துவமனை 1911ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. நூறாண்டுக்கு மேலாக எத்தனையோ ஆயிரம் பேரை நலமாக வீட்டிற்கு அனுப்பி வைத்த இடம். அதன் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கின்றோம். சாப்பாட்டு மேசையில் அவ்வேடிக்கையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தன் மனம் கலங்கும் நாளில் அதனை நம்மிடம் எவ்வாறு சொல்லும்?

சட்டமும் நெடுங்காலம் அச்சமூட்டியே வந்தது. தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று தப்பியவரைக் குற்றவாளியாகக் கருதியது; ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மருத்துவமனைக்குச் சென்றால் போலீஸ் வருமே என்று அஞ்சி, பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் கைவைத்தியம் பார்த்த குடும்பங்களை நான் அறிவேன். நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டு அப்பிரிவை நீக்கிற்று. அவ்வாண்டு செப்டம்பர் முதல் அது குற்றமன்று. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டின் முதல் நாள் தொட்டே இது நடப்பில் உள்ளது. இச்செய்தி நம் வீடுகளுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்பதே என் அனுபவம். தயவுசெய்து உறவினர்களிடம் கூறுங்கள்: இனி மருத்துவமனைக்குச் செல்ல எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்து, சற்று மனங்கோணாமல் கேட்க வேண்டிய செய்தி. பிள்ளை பேசாமல் அறையில் அடைந்து கிடந்தால், செய்வினை என்றும் கண்ணேறு என்றும் கருதி, ஊர் ஊராக அலைந்து கயிறு கட்டி, ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் பெற்றோர் உள்ளனர். வேண்டுதலை நான் குறை கூறவில்லை. பிள்ளைக்காக ஒரு தாய் விளக்கேற்றி நிற்பதில் என்ன பிழை? ஆனால் அவ்வலைச்சலில் ஆறு மாதங்கள் ஓடிவிடுகின்றன. கால் முறிந்தால் அர்ச்சனை செய்கின்றோம். எலும்பு மருத்துவரிடமும் செல்கின்றோம். எதனை முதலில் செய்கின்றோம்? அதே வரிசையை இதற்கும் கடைப்பிடித்தால் போதும்.

எதனைக் கொண்டு கண்டுகொள்வது என்று தாய்மார்கள் கேட்பீர்கள். ஒரு நாள் சோர்வும் ஒரு தேர்வின் கவலையும் எல்லாருக்கும் உரியவை. நாள்தோறும், பெரும்பொழுதும், இரண்டு வாரத்திற்கு மேலாக மனம் இருண்டிருந்தால், விரும்பிச் செய்தவற்றில் நாட்டமற்றுப் போனால், உறக்கமும் உணவும் தலைகீழானால், அது வேறு. தீபாவளிக்குக்கூட வீட்டிற்கு வராமல் சாக்குச் சொல்வது, தொலைபேசியை எடுக்காமல் குறுஞ்செய்தியில் மட்டும் பதிலளிப்பது, அருமையாக வைத்திருந்த பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, நான் எல்லாருக்கும் பாரம் என்று விளையாட்டாகச் சொல்வது ஆகியவற்றை விளையாட்டாகக் கொள்ளாதீர்கள். அப்பொழுது நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதாய்யா?" அவ்வாறு கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகின்றனர். விதைப்பதில்லை என்றே மனநல வல்லுநர்கள் கூறுகின்றனர். கேட்கப்பெற்றவர் பெரும்பாலும் நிம்மதியே அடைகின்றார். ஆம் என்று பதில் வந்தால், அறிவுரை கூறாதீர்கள், அழுது புலம்பாதீர்கள், அவனைத் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

முன்னர்க் கூறிய அம்மாணவன் சில நாட்களில் ஒப்புதல் அளித்தான். தந்தையாரை வரவழைத்தோம். இரவெல்லாம் வண்டியோட்டி, வேலைச் சட்டையோடு வந்து சேர்ந்தார். என்ன கேட்பாரோ என்று நாங்கள் எல்லாரும் அஞ்சிக்கொண்டிருந்தோம். அவர் மகன் அருகில் அமர்ந்து, "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டார். வகுப்பைப் பற்றியோ கட்டணத்தைப் பற்றியோ அன்று ஒரு சொல்லும் பேசவில்லை. மூன்று மாதங்களாக அழாத பிள்ளை அன்றுதான் அழுதான். ஒரு பருவத்தை ஒத்திவைத்து, சிகிச்சை பெற்று, தோழர்களுக்கு ஓராண்டு பின்தங்கி அவன் படிப்பை முடித்தான். இடையில் ஒருமுறை மீண்டும் சோர்வு வந்தது. அம்முறை அவனே தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னான்.

ஆலய நிர்வாகத்தினரிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. ஆண்டுதோறும் இம்மண்டபத்தில் சிறந்த தேர்ச்சி பெற்ற மாணவர்களுக்குப் பரிசளித்துச் சிறப்புச் செய்கின்றீர்கள். மலரில் அவர்தம் படங்களும் இடம்பெறுகின்றன. அது தொடர வேண்டும். ஆயினும், தோற்று மீண்டும் எழுதித் தேறியவனும், நோயுற்று ஒரு பருவம் விட்டுத் திரும்பியவளும் அம்மேடைக்கு அழைக்கப்பெற்றதை நான் கண்டதில்லை. ஒருமுறை அழைத்துப் பாருங்கள். விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர்கள் கோயிலுக்கு வருவதைத் தவிர்ப்பதற்குக் காரணம் பக்திக் குறைவன்று. வாயிலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்னப்பா, பாயிண்டர் எவ்வளவு?" என்று நாம் கேட்டுவிடுகின்றோம். அன்னதான வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் கேட்பதற்கு வேறு எத்தனையோ கேள்விகள் உள்ளன.

இறுதியாக, சில எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மலரிலும் அச்சிடுமாறு கேட்டிருக்கின்றேன். 1970ஆம் ஆண்டு முதல் கோலாலம்பூரில் தொண்டாற்றி வரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் இரவு பகல் எந்நேரமும் செவிமடுப்பர்: 03-7627 2929. சுகாதார அமைச்சு 2022ஆம் ஆண்டு தொடங்கிய ஹீல் எண் 15555. தாலியான் காசே எண் 15999. சிங்கப்பூரில் உள்ளோர் சமாரிட்டன்ஸ் அமைப்பினரை 1767 என்னும் எண்ணில் அழைக்கலாம். பிள்ளைகள் மட்டுமல்லர், என்ன செய்வதென்று அறியாது தவிக்கும் பெற்றோரும் அழைத்துப் பேசலாம்.

சாயரட்சை பூசைக்கு மணி அடிக்கும் நேரமாகிவிட்டது. பூசை முடிந்த பின், மடப்பள்ளிக்கு அருகிலுள்ள சிறிய அறையில் ஒன்பது மணி வரை இருப்பேன். எல்லார் முன்னிலையிலும் கேட்க இயலாத கேள்வி எவருக்கேனும் இருந்தால் அங்கு வந்து கேட்கலாம்.